கிராணி வீட்டுக் காப்பி

மருதம்மாள் தனக்கு விஷம் வைக்கிறாள் என்ற எண்ணம் பரஞ்சோதி கிராணிக்கு ஒரு நாள் காலை காப்பி குடித்து முடித்ததும் வந்தது. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தவரால் நிற்க முடியவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ குதித்தது. படபடவென்று அடித்து, நடுவில் ஓர் அடி விட்டுப்போய், விட்டதையும் சேர்த்து அடிப்பதுபோல் பெரிய உதையாக உதைத்தது. சட்டைக்குள் கையை விட்டு அழுத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். சமையல்கட்டு வாசலில் மருதம்மாள் அகப்பையோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்கய்யா, முகமெல்லாம் வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல. உள்ள போ."

அது மலாய் நாட்டில், புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்கார துரை சிங்கப்பூர் பக்கம் ஓடிவிட, தோட்டம், கணக்கு எழுதும் பெரிய கிராணியான பரஞ்சோதியின் கைக்கு வந்தது. பால்வெட்டு பாதிக்குமேல் நின்றுபோய், மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டிருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டபோது, யார் யார் போவது என்று சொன்னவர் பரஞ்சோதிதான். முதல் லாரியில் ஏறியவர்களில் மருதம்மாளின் புருஷன் பக்கிரிசாமியும் ஒருவன். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார்கள். மழைக்காலம் வந்து போயும் அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

மருதம்மாள் மட்டும் கிராணி வீட்டுச் சமையல் வேலையை விடவில்லை. விட்டால் அங்கே கிடைக்கும் அரிசி நின்றுபோகும். வீட்டில் தம்பி அய்யாவு இருந்தான். கிராணியின் மனைவி பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போனவள், போர் மூண்டதில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். அதனால் அந்தப் பெரிய வீட்டில் கிராணியும் சமையல்காரியும்தான். புருஷனை அனுப்பிய ஆளுக்கு முகம் சுளிக்காமல் பொங்கிப் போடுகிறாளே, இவள் மனதில் என்ன இருக்கும் என்று அவர் அதற்கு முன்பும் யோசித்ததுண்டு. அன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தார்.

காப்பி புதிதாக வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தோட்டத்தில் காப்பி என்றால் கருக வறுத்த மரவள்ளியும் சோளமும்தான். சூடு இருக்கும், கசப்பு இருக்கும், வேறொன்றும் இருக்காது. திகாம் பத்து என்ற ஊரின் மளிகைக்காரர் ஒருவர் போர் தொடங்கியபோது ஒரு மூட்டை அசல் காப்பிக்கொட்டையைப் புதைத்து வைத்திருந்தார். அதிலிருந்து வறுத்து அரைத்து, பிஸ்கட் டின் நிறைய கிராணிக்கு அனுப்பினார். மளிகைக்காரரின் அக்காள் மகன் இந்தத் தோட்டத்தில், இன்னும் லாரியில் ஏறாமல், பால் வெட்டிக்கொண்டிருந்தான். எதற்காக அந்த டின் என்பது இருவருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அசல் காப்பியைக் கண்டதும் பரஞ்சோதிக்கு நிதானம் போய்விட்டது. எழுந்ததும் ஒன்று, வெளியே கிளம்புமுன் ஒன்று, திரும்பியதும் ஒன்று என்று, பாலும் சீனியும் இல்லாத கடுங்காப்பியாகக் குடித்துத் தள்ளினார். சோறு அரை வயிற்றுக்குத்தான். கொஞ்ச நாளில் கை நடுங்கத் தொடங்கியது. படுத்தால் தூக்கம் வரவில்லை. பிறகு இந்த நெஞ்சுக் குதிப்பு.

அன்று மத்தியானம் அவர் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் போய், அங்கிருந்த மஞ்சள் அரளிச் செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கிளை புதிதாக ஒடிந்திருந்தது. பூசாரி பூவுக்கு ஒடித்திருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை மருதம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்ததும், அவர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ குடி."

"எனக்கெதுக்குங்கய்யா?"

"குடின்னா குடி. முழுசும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கிராணி யாருக்கும் எதையும் தானாகக் கொடுக்கிறவர் இல்லை. பயந்துகொண்டே குடித்தாள். காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. அசல் காப்பி அவள் நாக்கில் பட்டும் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது அவள் நெஞ்சும் அடிக்க ஆரம்பித்தது. தடதடவென்று ஓடியது, திக்கென்று நின்றது, மறுபடி ஓடியது. விரல்கள் ஆடின. கிராணி வாசலில் நின்று அவளையே கவனித்துக்கொண்டிருந்தார்.

இவன்தான் எதையோ கலந்திருக்கிறான், புருஷனை அனுப்பியாயிற்று, என்னையும் ஒழித்துக்கட்டப் பார்க்கிறான் என்று அவளுக்குப் பட்டது. கையில் இருந்த சட்டியை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே இருந்த ஒரே வைத்தியர் டிரெஸர் சதாசிவம். அவரையும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் முழுதாக நம்புவதில்லை. ஜப்பான் அதிகாரி ஒருவன் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ள அவரிடம் அடிக்கடி வருவான். போகும்போது சிரித்துக்கொண்டே போவான். ஆனால் நெஞ்சு இப்படி உதைக்கும்போது வேறு யாரிடம் போவது?

சதாசிவம் அவள் நாடியைப் பிடித்தார். கண்களைத் திறந்து பார்த்தார். குழாயை முதுகில் வைத்துக் கேட்டார்.

"என்ன சாப்பிட்ட?"

"காப்பி. கிராணி வீட்டுக் காப்பி. அவரு குடிக்கச் சொன்னாரு. அதுல என்னமோ இருக்குது டிரெஸரய்யா."

"அசல் காப்பியா?"

"ஆமா."

"அப்ப அதுல காப்பிதான் இருக்குது," என்றார் அவர். "ஊமத்தை குடுத்திருந்தா உன் கண்ணுமணி இந்நேரம் விரிஞ்சு கெடக்கும். அரளின்னா வாந்தி வரும், நாடி மெதுவாப் போகும். உனக்கு ரெண்டும் இல்ல. வெறும் வயித்துல கடுங்காப்பி போனா சில பேருக்கு நெஞ்சு இப்படித்தான் தாளம் தப்பும். பட்டணத்து ஆஸ்பத்திரியில நான் வேலை கத்துக்கிட்டப்ப நெறைய பாத்திருக்கேன். தண்ணி குடிச்சிட்டு உக்காரு. சாயங்காலத்துக்குள்ள அடங்கிரும்."

அடங்கிவிட்டது. ஆனாலும் அவளுக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது.

சதாசிவம் கிராணி வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னார். பரஞ்சோதி சிரிக்கவில்லை. "நீ குடிச்சுக் காட்டு," என்றார். சதாசிவம் அதே டின்னிலிருந்து பொடி எடுத்துத் தானே கொதிக்கவைத்துப் பெரிய டம்ளர் நிறையக் குடித்துவிட்டு மணிக்கட்டை நீட்டினார். பரஞ்சோதி அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அது மாட்டுவண்டி போவதுபோல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகலயே?"

"எல்லாருக்கும் ஆகாது கிராணியாரே. ஒரு சில பேருக்குத்தான்."

"எனக்கு ஆகுது. அவளுக்கும் ஆச்சுன்னு சொல்ற. உனக்கு ஆகல."

"அதுக்கு நான் என்ன செய்ய? உடம்புக்கு உடம்பு மாறும். குடிக்கிறத விட்டுப் பாருங்க, சரியாயிரும்."

காப்பியை விட்டதும் பரஞ்சோதிக்கு நெஞ்சு சரியாகிவிட்டது. அதுவே அவருக்குப் போதுமான சாட்சியாகவும் ஆகிவிட்டது. பொடியில் விஷம் இல்லையென்றால் அவள் டம்ளரில் கலந்திருக்கிறாள். அன்று அவள் குடித்ததும் தவித்ததும் நடிப்பு. டிரெஸரும் அவளும் கூட்டு. அவர் மருதம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார்.

"அந்த டின்னை எடுத்துட்டுப் போய் ஆத்துல கொட்டிட்டுப் போ," என்றார். அதைத் தொடக்கூட அவருக்குப் பயமாக இருந்தது.

அவள் கொட்டவில்லை. எதையும் கொட்டுகிற காலமா அது? லயத்து வீட்டில் அடுப்புக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அடுத்த வாரம் ஜப்பான்காரன் மறுபடி ஆள் கேட்டான். பரஞ்சோதி சொன்ன பெயர்களில் அய்யாவும் இருந்தான். பகை வைத்திருக்கிற வீட்டில் வாலிபப் பையனை விட்டுவைத்தால் என்றைக்காவது கத்தியோடு வருவான் என்று அவர் கணக்குப் போட்டார்.

மருதம்மாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று அழுதாள். "என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவன விட்டுருங்கய்யா. நான் ஒரு பாவமும் செய்யல." உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் சதாசிவம் லயத்துப் பக்கம் வந்தார். யாருக்கோ மருந்து கொடுக்க வந்தவர்போல அவள் வீட்டுப் படியில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இந்தத் தடவ லாரியோட ஜப்பான் டாக்டர் ஒருத்தனும் வர்றான். நெஞ்சு கெட்டவன், காச நோய்க்காரன் வேணாமாம். வழியில செத்தா அவங்களுக்குத்தான் நட்டமாம். அந்தப் பொடி இருக்குதா?"

"எந்தப் பொடி?"

"நீ கொட்டியிருக்க மாட்ட. உனக்கு அது ஒத்துக்கலைன்னா உன் தம்பிக்கும் ஒத்துக்காம இருக்கலாம், ஒரே ரத்தம்தானே. முன்னாடியே ஒரு தடவ குடுத்துப் பாரு. நெஞ்சு குதிச்சா, டாக்டர் வர்ற காலையில வெறும் வயித்துல கெட்டியாக் குடு. ஒருத்தனுக்கு மட்டும். நாலு பேரு நெஞ்சு ஒரே மாதிரி ஆடினா டாக்டருக்குத் தெரிஞ்சிரும்."

"நீங்க எதுக்கு இத எனக்குச் சொல்றீங்க?"

சதாசிவத்தின் முகம் கறுத்தது. "ஜப்பான்காரன் என்கிட்ட ஊசி போட்டுக்கிறான்னு கேக்குறியா? நம்பினா நம்பு. நம்பாட்டி லாரியில ஏத்தி அனுப்பு."

அவர் போன பிறகும் அவள் படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். இது கிராணி வைத்த பொறியாக இருந்தால்? காப்பி வீட்டில் இருக்கிறதா என்று வேவு பார்க்க வந்திருந்தால்? கையும் களவுமாகப் பிடித்தால் அய்யாவின் தலை போகும். ஆனால் லாரியில் ஏறினாலும் என்ன மிச்சம்? போனவர்களில் ஒருவரும் வரவில்லை. மறுநாள் அவள் அய்யாவுக்கு அரை டம்ளர் கொடுத்துவிட்டு அவன் நெஞ்சில் காதை வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஓட ஆரம்பித்தது. நடுநடுவே தடுக்கி விழுந்தது.

"அக்கா, பயமா இருக்குது," என்றான் அய்யாவு.

"பயப்படாத. இது நல்லது," என்றாள் அவள். அப்படிச் சொல்கையில் அவளுக்கே அழுகை வந்தது.

டாக்டர் வரும் காலையில் அவள் மிச்சப் பொடி முழுவதையும் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தாள். வாசனையை மறைக்க அடுப்பில் ஈர விறகைச் செருகிப் புகை போட்டாள். அப்படியும் அடுத்த வீட்டு ராக்காயி வந்துவிட்டாள். அவள் புருஷன் பழனியாண்டியும் அன்றைய லாரிக்குப் போக வேண்டியவன். மருதம்மாள் சட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள் ராக்காயி. "டிரெஸர் பேசினது செவுத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. அவருக்கும் ஒரு வாய் குடு."

ராக்காயி வாய் நிற்காதவள். இல்லை என்று சொன்னால் கத்துவாள். கத்தினால் லயம் முழுதும் தெரியும். முதல் காப்பியை அய்யாவுக்கு ஊற்றிவிட்டு, மண்டியில் தண்ணீர் விட்டு மறுபடி காய்ச்சிப் பழனியாண்டிக்குக் கொடுத்தால் என்ன என்று ஒரு நினைப்பு மருதம்மாளுக்கு வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? அதற்குள் பழனியாண்டியே தலையைக் குனிந்து உள்ளே வந்து, விருந்துக்கு வந்தவன்போல ஓரமாக உட்கார்ந்துவிட்டான். அவள் இரண்டு டம்ளரை எடுத்துச் சமமாக ஊற்றினாள். இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். லாரி ஓரமாக நின்றது. ஜப்பான் டாக்டர் ஒல்லியாக, கண்ணாடி போட்டவர். துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பக்கமும். மொழி பெயர்க்கப் பரஞ்சோதி பக்கத்திலேயே நின்றார். பெண்களைக் கிட்டே விடவில்லை. மருதம்மாளும் ராக்காயியும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

பழனியாண்டி முதலில் போனான். டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார், தோளில் தட்டினார். "பாகுஸ்," என்றார். நல்ல நெஞ்சு. பழனியாண்டி திரும்பி வேலிப் பக்கம் பார்த்தான். துப்பாக்கிக்காரன் அவனை லாரிப் பக்கம் தள்ளினான்.

ராக்காயி மருதம்மாளின் கையை விட்டாள்.

அய்யாவு போய் நின்றபோது டாக்டர் குழாயை வைத்தவர் எடுக்கவில்லை. இடம் மாற்றி வைத்துக் கேட்டார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். அவன் விரல்கள் ஆடுவதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவன் கண்ணுக்குள் பார்த்து, "தீப்பு?" என்றார். ஏமாற்றுகிறாயா?

டாக்டர் பரஞ்சோதியை அழைத்தார். இவனுக்கு முன்பே நெஞ்சு நோய் உண்டா என்று அரைகுறை மலாயில் கேட்டார். பரஞ்சோதி அதைத் தமிழில் கேட்பதற்காக அய்யாவின் முகத்தருகே குனிந்தார்.

"உனக்கு முன்னாடி..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

அய்யாவின் மூச்சில் காப்பி வாசனை வீசியது. அவருடைய காப்பி. அவருக்குத் தெரியாத வாசனையா அது? அவன் கழுத்து நரம்பு துடித்து, நின்று, துடித்தது. தன் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை அவர் இப்போது இன்னொருவன் கழுத்தில் பார்த்தார். வேலிக்கு வெளியே நின்ற மருதம்மாளுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. சொல்லிவிட்டான், எல்லாம் முடிந்தது என்று அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பரஞ்சோதி டாக்டர் பக்கம் திரும்பினார். "டூலு பூன் அடா, துவான்," என்றார். முன்பும் இருந்தது.

டாக்டர் அவரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அய்யாவைக் கையால் ஒதுக்கிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

லாரி போன பிறகு பரஞ்சோதி லயத்துப் பக்கம் வந்தார். அவர் அங்கே காலடி வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மருதம்மாள் வாசலில் நின்றாள். உள்ளே அய்யாவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

"அந்தப் பொடி மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"எந்தப் பொடிங்கய்யா? ஆத்துல கொட்டச் சொன்னீங்க."

"நாளையிலருந்து வேலைக்கு வா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் போகவில்லை. ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவளால் அவரிடம் கேட்கவும் முடியவில்லை. சதாசிவத்திடம் கேட்டபோது அவர் உதட்டைப் பிதுக்கினார். "காப்பின்னு சொன்னா, அசல் காப்பி எங்கிருந்து வந்துச்சுன்னு அவரத்தான் மொதல்ல கேப்பான். அதான் வாயத் திறக்கல." பிறகு, "இல்ல, வெக்கப்பட்டுட்டாரோ என்னமோ. யாருக்குத் தெரியும்," என்றார்.

ராக்காயிக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது அவள் ஆரம்பித்தாள்.

"தம்பிக்கு நல்ல காப்பி. என் புருஷனுக்குக் கழுவுன தண்ணி. ஒரே சட்டின்னு கண்ணுக்கு முன்னாடி ஊத்திக் காட்டினா, நானும் நம்புனேன்!"

"ராக்காயி, சாமி சத்தியமா ரெண்டும் ஒண்ணுதான். சில பேருக்கு ஒண்ணும் பண்ணாதாம். டிரெஸரே சொன்னாரு."

"உன் தம்பிக்கு மட்டும் பண்ணுமாக்கும்!"

மருதம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அன்று மண்டித் தண்ணீரைக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மைதானே. ராக்காயி அதை எப்படியோ பார்த்துவிட்டாள் என்றே அவளுக்குப் பட்டது. கிராணி வீட்டில் தான் குற்றமற்றவள் என்று கதறியபோது இருந்த தைரியம்கூட இப்போது இல்லை. லயத்து ஆட்கள் ராக்காயியை நம்பினார்கள். மருதம்மாள் வீட்டு அடுப்பில் யாரும் நெருப்பு எடுக்கவில்லை. அவள் தண்ணீர் பிடிக்க வந்தால் பேச்சு நின்றுபோகும்.

ஜப்பான்காரன் தோற்று வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், பரஞ்சோதி ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனார். மெர்போக் பக்கம் யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். அவரை அடிக்கக் கட்டையோடு திரண்ட இளவட்டங்களோடு அய்யாவு போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவனையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

சயாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். போனவர்களில் கொஞ்சம் பேர்தான். பழனியாண்டி வந்தபோது ராக்காயிக்கே அடையாளம் தெரியவில்லை. கால் முழுதும் புண், தோலுக்குள் எலும்பு. வந்து சில நாள் கழித்து அவன் ராக்காயியின் தோளைப் பிடித்துக்கொண்டு மருதம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"இவ பேசுனதெல்லாம் கேள்விப்பட்டேன்க்கா," என்றான். "நீ ஊத்தும்போது நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். ஒரே சட்டிதான். என் நெஞ்சுதான் அசையல."

ராக்காயி தரையைப் பார்த்தபடி நின்றாள். "நெசமாவா?" என்று புருஷனிடம் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

மருதம்மாள் பாயை விரித்து அவனை உட்காரவைத்தாள். "பக்கிரிசாமிய எங்கயாச்சும் பாத்தியா?"

"இல்லக்கா. அங்க கேம்பு நெறைய. அவரு வேற கேம்பா இருக்கும்."

சொல்லும்போது அவன் தன் கால் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈ ஒன்றும் மொய்க்காத இடத்தில் ஈ ஓட்டினான். மருதம்மாள் அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"பழனியாண்டி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை.

"பாத்திருக்க."

அவன் ஈ ஓட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னான். "நான் போய்ச் சேர்ந்தப்ப வாந்திபேதி பரவிக் கெடந்துச்சுக்கா. அவரு ஒரு கொட்டாயில படுத்திருந்தாரு. என்னை அடையாளம் கண்டுக்கிட்டாரு. தோட்டத்தப் பத்திக் கேட்டாரு. அய்யாவும் வந்திருக்கானான்னு கேட்டாரு. வரலைன்னு சொன்னேன். சரின்னாரு. மறுநா நான் வேலைக்குப் போயிட்டு வந்தப்ப அந்தக் கொட்டாயக் காணோம். கொளுத்திட்டாங்க."

மருதம்மாள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். பழனியாண்டி இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தான்; ராக்காயி அவனைக் கையால் தடுத்தாள். பிறகு அவள் உள்ளே வந்து, அணைந்து கிடந்த அடுப்பைக் கிளறிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய்க் கொள்ளிக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து பற்றவைத்தாள்.